பத்து வீட்டு மெஷின்

மே 6, செவ்வாய்

இந்த டைரி ஜவுளிக்கடையில் லைனிங் துணி எடுத்தபோது ஓசியில் கிடைத்தது. முன்பக்கங்களைப் பால் கணக்கு எழுதிக் கிழித்தாயிற்று. மீதியில் வேறு ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. மனசில் இருப்பதைப் பவுனக்காவிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். டைரிக்கு வாய் இல்லை.

செவ்வாய் என்றால் சென்டர் மீட்டிங். எங்களுக்கு நேர் கீழ் வீடு பவுனக்காவுடையது. அவள்தான் எங்கள் பத்துப் பெண்களுக்கும் தலைவி. ஆளுக்கு நாற்பதாயிரம் கம்பெனியில் கடன் வாங்கியிருக்கிறோம். வாரம் எழுநூற்று நாற்பது கட்ட வேண்டும். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் போட்டுக் கட்ட வேண்டும். பணம் முழுசாகச் சேரும்வரை யாரும் பாயைவிட்டு எழுந்திரிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்ததில்லை.

வசூலுக்கு வருகிற கவியரசன் சார் இன்று ஒரு குண்டு போட்டார். "அக்கா, மெயின் ஆபீஸ்ல கேக்குறாங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தொழில் மெஷினோட நிக்கிற மாதிரி போட்டோ வேணும். வெள்ளிக்கிழமை வர்றேன்."

பத்துப் பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். விண்ணப்பத்தில் பத்துப் பேருக்கும் தொழில் தையல்தான். பூ விற்கிறேன், மாவு அரைக்கிறேன் என்று எழுதினால் பதினைந்துதான் கிடைக்கும், தையல் என்று போடுங்கள் நாற்பது கிடைக்கும் என்று சொன்னதே இந்தச் சார்தான். பவுனக்காவின் கடன் மருமகனுக்கு பைக்காகப் போயிற்று. நூர்ஜஹானுடையது அவள் அத்தாவின் கண் ஆபரேஷனுக்கு. என்னுடையது என் வீட்டுக்காரரோடு சோலாப்பூர் போயிற்று. அங்கே முறுக்குக் கம்பெனியில் மாஸ்டராக இருக்கிறார். சொந்தமாகத் தனி அடுப்பு போடப்போகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். அவர் பெயரை டைரியில்கூட எழுத வரவில்லை, பழக்கதோஷம்.

பத்துப் பேரில் மெஷின் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். அதுவும் கடனில் வாங்கியதில்லை. தர்ஷினி பிறப்பதற்கு முன்னால், என் வளையல் ரெண்டை விற்று நானே வாங்கியது.

"அதுக்கென்ன? ஒரு மெஷினு பத்து வீட்டுக்கும் போயிட்டு வராதா? சாமி சப்பரம் போகலையா?" என்றாள் பவுனக்கா. சார் கூரையைப் பார்த்தார்.

மே 9, வெள்ளி

முதுகு விட்டுப்போயிற்று.

காலையில் குளித்துவிட்டு மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைப்பதுதான். சார் வந்து என்னை ஒரு படம் எடுத்தார். அப்புறம் ஆரம்பித்தது ஊர்வலம். முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு பேர், நடுவில் என் மெஷின். ஹவுசிங் போர்டு கட்டினவனுக்குப் படிக்கட்டின் அகலம் பற்றி யோசிக்க நேரமில்லை போலிருக்கிறது. வளைவில் ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டு சுவரில் இடித்தது. "பாத்து, பாத்து" என்று நான் கத்தினேன். "உன் பிள்ளையவா தூக்கிட்டுப் போறோம்?" என்று மூன்றாம் மாடி அமுதவள்ளி கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கூத்து. மெஷின் வாசலைத் தாண்டியதும் அந்த வீட்டுக்காரி உள்ளே ஓடுவாள், குங்குமச் சிமிழோடு வருவாள். "வீட்டுக்கு முதமுதல்ல வர்ற மெஷினு, வெறுமனேவா நிக்கிறது?" என்று அதன் நெற்றியில் ஒரு பொட்டு. அப்புறம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டு, காலை மிதியில் வைத்து உட்காருவாள். சார் ஒரு கிளிக். பவுனக்கா தைக்கிற பாவனையில் துணியைப் பிடித்த பிடி, கோழியைப் பிடித்த மாதிரி இருந்தது. நூர்ஜஹான் பொட்டு வைக்கவில்லை. துப்பட்டா நுனியால் மெஷின் பலகையை ஒரு துடை துடைத்து, வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு உட்கார்ந்தாள்.

கடைசி வீட்டுக்குப் போகும்போது மெஷின் அம்மன் கோயில் தூண் மாதிரி இருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. வாடகை கேட்டிருக்க வேண்டும்.

மே 10, சனி

எண்ணெய்த் துணி வைத்துக் குங்குமத்தைத் துடைத்து எடுக்கவே அரை நாள். எண்ணெய் விடுகிற ஓட்டைக்குள் எல்லாம் போயிருக்கிறது. வெள்ளை ரவிக்கை ஒன்றில் சிவப்பு பட்டு, அதை வேறு நான் துவைத்தேன்.

மே 18, ஞாயிறு

அவர் பேசினார். இரண்டு வாரத்துக்கு அப்புறம். அடுப்பு போட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

ஒரு வேலையும் கொடுத்தார். முதலாளி வீட்டு அம்மாவுக்கு நம்ம ஊர்த் தையல் ரொம்பப் பிடித்துவிட்டதாம், மூன்று ரவிக்கை வேண்டுமாம். "அளவு சொல்றேன், எழுதிக்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். மார்பு முப்பத்திரண்டு, இடுப்பு இருபத்தேழு. கைக்கு பஃப். பின்கழுத்து இறக்கம் பத்து, கயிறு கட்டி முனையில் குஞ்சலம் வேண்டும்.

"அவுகளுக்கு என்ன வயசுங்க?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? தைக்கிறத தை."

போன பொங்கலுக்கு வந்தபோது இவர்தான் சொன்னார், முதலாளி அம்மா மூட்டுவலியில் எழுந்திரிக்கவே முடியாமல் கிடக்கிறார், பேரனுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று. வயசானவர்களுக்கும் ஆசை இருக்கும். ஒல்லியானவர்களும் இருப்பார்கள். குஞ்சலம் வைக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

மே 25, ஞாயிறு

ரவிக்கைகளை முடித்தேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. குஞ்சலத்துக்கு நல்ல மணியாகத் தேடி வாங்கினேன். முதலாளி அம்மா சந்தோஷப்பட்டால் இவருக்கு நல்லதுதானே.

மடித்து வைக்கும்போதுதான் கவனித்தேன். பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டிருக்கிறேன். புதுப்பெண்களுக்குத்தான் அப்படி விட்டுத் தைப்போம். கல்யாணமாகி நாலைந்து மாதத்தில் எப்படியும் பிரித்துவிடச் சொல்லிக் கொண்டுவருவார்கள். வயசானவர்களுக்கு யாரும் விடுவதில்லை. கைப்பழக்கம். பிரிக்க நேரமில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன்.

சோலாப்பூரில் அவரோடு வேலை பார்க்கிற தவமணி அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனார். உசிலம்பட்டிக்காரர், மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போவார். எப்போதும் வாயடிக்கிற மனுஷன், இன்று காபிகூடக் குடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சாம். இந்த ஸ்டாப்பில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்.

ஜூன் 10, செவ்வாய்

அவர் பணம் போடவில்லை. பள்ளிக்கூடம் திறந்த மாதம். தர்ஷினி ஆறாவது, சீருடையை நானே தைத்துவிட்டேன், ஷூவைத் தைக்க முடியாதே.

தவணைக்கு முந்நூறு குறைந்தது. ஒன்பது பேரும் பாயில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்திருந்ததில் பூக்காரி ஒருத்திக்கு வியாபாரம் கெட்டது, ஒருத்தி வீட்டில் அடுப்பில் உலை. பவுனக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போட்டாள். "நாளைக்கே குடுத்துர்றேங்க்கா" என்றேன். "குடு, குடுக்காட்டியும் எங்க ஓடிரப் போற?" என்றாள். அது சமாதானமா குத்தலா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

தர்ஷினி அடம்பிடித்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். எப்போதும் கேமரா கெட்டுப்போச்சு என்பார். இன்று எடுத்துவிட்டார். தூக்கக் கலக்கம். தாடி விட்டிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது. நான் அடுப்படியில் இருந்தேன்.

பேசி முடித்துவிட்டு வந்து அவள் சொன்னாள்: "அம்மா, நீ தைச்ச மஞ்ச ரவிக்கை அப்பா ரூம்ல கொடியில காயுது. குஞ்சலம்கூடத் தெரிஞ்சுச்சு."

முதலாளி வீட்டு மாடியில்தான் இவருக்கு அறை. அவர்கள் வீட்டுத் துணி அங்கே காய்ந்திருக்கும். மழைக்காலம் அங்கே. வெளியே எப்படிப் போடுவார்கள்?

ஜூன் 23, திங்கள்

வேலை ஓடவில்லை. இரண்டு ஊசி உடைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

மறுபடி பவுனக்காதான் போட்டாள். இந்தத் தடவை முழுத் தொகை. இதோடு மூன்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ரெண்டு வார்த்தை திட்டினால் நானும் திருப்பிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

ஜூலை 20, ஞாயிறு

அவரே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு பாசம். சாப்பிட்டியா, பிள்ளை நல்லா படிக்குதா, உனக்குக் கால்வலி எப்படி இருக்கு. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"இடம் அமைஞ்சிருச்சு சுதா. அட்வான்ஸ் கேக்குறான். அந்தத் தையல் மெஷின வித்து அனுப்பு."

"அதை வச்சுத்தாங்க வீடு ஓடுது."

"அடுப்பு போட்டுட்டா அப்புறம் நீ எதுக்குத் தைக்கணும்? ராணி மாதிரி இரு. தீபாவளிக்குப் புதுசு, பவர் மெஷினாவே வாங்கித் தர்றேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

இருக்கிறது என்று சொன்னேன். போனை வைத்த பிறகு வீட்டுக்குள் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே இருந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. புருஷன் முன்னேறுகிற நேரத்தில் பெண்சாதி கணக்குப் பார்த்தால் குடும்பம் உருப்படுமா? என் அம்மா இருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பாள். மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்தேன். தர்ஷினி, "என்னம்மா, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்றாள்.

ஜூலை 24, வியாழன்

இந்தப் பொம்பளைகள் நன்றாகவே இருக்க மாட்டார்கள். நான் மனசாரத் திட்டுகிறேன்.

பழைய மெஷின் வாங்குகிற ஆளை வரச்சொல்லியிருந்தேன். வந்து ஓட்டிப் பார்த்தார், சத்தம் கேட்டார், ஒன்பதாயிரத்துக்கு முடித்து ஐநூறு அட்வான்ஸ் கொடுத்தார். ஆளும் மெஷினும் படிக்கட்டில் இறங்குகிறார்கள், முதல் மாடி வளைவில் பவுனக்கா இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். பின்னால் அமுதவள்ளி, நூர்ஜஹான், இன்னும் நாலு பேர்.

"எங்கடி போகுது மெஷினு?"

"என் மெஷினு, நான் விக்கிறேன்."

"உன் மெஷினுதான். போட்டோல எங்க மூஞ்சியும்ல இருக்கு? ஆகஸ்ட் பன்னெண்டாம் தேதி சென்னையில இருந்து மேடம் தணிக்கைக்கு வர்றாகன்னு சார் போன் பண்ணிருக்காரு. வீடு வீடா வந்து மெஷினக் காட்டுன்னா, என் மருமகன் பைக்கையா காட்ட முடியும்?"

"மொத்தப் பணத்தையும் ஒண்ணா கட்டச் சொல்லிருவாங்க சுதா" என்றாள் நூர்ஜஹான். "எங்கத்தாவுக்கு இன்னொரு கண்ணு பாக்கியிருக்கு. அடுத்த லோனத்தான் நம்பியிருக்கேன்."

அவர்கள் வழிவிடவில்லை. மெஷின்காரர் சண்டையைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டுக்கு மேல வர்றேம்மா" என்று நழுவினார். மெஷினை மேலே ஏற்றவும் விடவில்லை. நேராகப் பவுனக்கா வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, "தணிக்கை முடியிற மட்டும் இங்கதான் இருக்கும். தைக்கணும்னா இறங்கி வந்து தைய்யி" என்றாள்.

கேட்டீர்களா அநியாயத்தை? என் பொருளுக்கு அவள் வீடு காவல். அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பன்னெண்டுக்குள்ள முடியாதா?" என்றார். முடியாது என்றேன். எனக்கே ஆச்சரியம், அதைச் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

பவுனக்கா வீட்டில் உட்கார்ந்துதான் தைக்கிறேன். ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் அவள் பூக்கட்டிக்கொண்டே பேச்சு. ஆடிக்குத் தைக்க வருகிறவர்கள் குறைவு என்றாலும் ஆவணி முகூர்த்தத்துக்கு இப்போதே துணி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மத்தியானம் தவமணி அண்ணன் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை. அதே மூன்று ரவிக்கைகள். பிரித்துவிட வேண்டுமாம். புது அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார் என் வீட்டுக்காரர். மார்பு முப்பத்தைந்தரை. இடுப்பு முப்பத்தொன்றரை. போதாததற்குப் புதுத்துணி ஒன்று. அதற்கும் இதே அளவு, "கொஞ்சம் தாராளமாக" என்று கீழே கோடு போட்டிருந்தது. தவமணி அண்ணன் வாசலிலேயே நின்றார், "நான் வர்றேன் தாயி" என்றார், போய்விட்டார். இதுவரை என்னைத் தாயி என்று சொன்னதில்லை.

அரக்கு ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்தேன். உள்ளே நான் விட்டிருந்த துணி புதுசாக அப்படியே இருந்தது.

பவுனக்கா பூவை வைத்துவிட்டுச் சீட்டைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எண் தெரியும். பழைய தையலையும் நான் குண்டூசி குத்தின இடத்தையும் பார்த்தாள்.

"யாருக்குடி இது? முழுகாம இருக்கவளா?"

"சோலாப்பூர்ல முதலாளி வீட்டு அம்மாவுக்குக்கா. வயசானவுக. உடம்பு போட்டிருச்சாம்."

"முழங்கை அப்படியேதான இருக்கு? கை போடலையா உடம்பு?"

கை அளவு மாறவில்லை என்பதைச் சீட்டைப் பார்த்ததுமே நானும் பார்த்தேன். பூக்கட்டுகிறவளுக்குத் தெரிவது இருபது வருஷமாகத் தைக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா?

அவள் டிவியை அணைத்தாள். அவள் வீட்டில் பகலில் டிவி அணைந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து மெஷின் பலகையில் வைத்தாள். மெஷின் மேல் காபி வைக்கக் கூடாது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இன்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எல்லாரும் தாலிக்கயிறு மாற்றினார்கள். நான் மஞ்சள் கயிறு வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதுகிறேன், எழுதாமல் உட்கார முடியவில்லை.

சென்னை மேடம் காலையிலேயே வந்துவிட்டார். என் வயசுதான் இருக்கும். கால் வீங்கிப்போய்ச் செருப்பு வார் பதிந்திருந்தது. பவுனக்கா கொடுத்த மோரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கவியரசன் சாருக்கு வேர்த்துக்கொட்டியது. நாங்கள் பத்துப் பேரும் பாயில். எங்கள் திட்டம், மேடம் ஒரு வீட்டில் இருக்கும்போது பின் படிக்கட்டு வழியாக மெஷினை அடுத்த வீட்டுக்குக் கடத்துவது. நாலு பேர் தயார்.

மேடம் எந்த வீட்டுக்கும் வரவில்லை. பெரிய போன் மாதிரி இருந்த டேபைத் திறந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரே மாடல், ஒரே கறுப்பு. சரி, ஒரே கடையில வாங்கியிருப்பீங்க." இன்னும் தள்ளினார். "இதுல மெஷினுக்கு ஒரு பொட்டு. இந்தப் படத்துல ரெண்டு பொட்டு. இதுல மூணு. இதுல நாலு. பொட்டுகூடவா வரிசையா ஏறும்?"

கும்பிட்டு வைத்த குங்குமம் எங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று யார் கண்டது?

"இந்த ரெண்டு போட்டோல மட்டும் ஏறல. இதுலயும் அஞ்சு, இதுலயும் அஞ்சு. ஏன்?" அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

பவுனக்காவுக்குப் பதில் தெரிந்த கேள்வி வந்தால் வாய் நிற்காது. "அது நம்ம நூர்ஜஹான் வீடு மேடம். அவுக பொட்டு வைக்க மாட்டாக."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அமுதவள்ளி சிரித்துவிட்டாள், பயத்தில் வந்த சிரிப்பு.

மேடம் சிரிக்கவில்லை. டேபை மூடினார். "ஒரு மெஷின். பத்து லோன். யாரோட மெஷின் இது? அவங்க ஒருத்தருக்கு மட்டும் அடுத்த லோன் உண்டு. மத்த ஒன்பது பேரும் பாக்கி மொத்தத்தையும் இந்த மாசத்துக்குள்ள கட்டிருங்க. பொய் சொல்லி வாங்கின கடன், வேற வழியில்ல."

ஒன்பதில் ஒரு தலைகூட என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். நூர்ஜஹான் கண்ணை மூடிக்கொண்டாள். கை நீட்டினால் போதும், மெஷின் வாங்கின ரசீது என் பீரோவில் இருக்கிறது. எனக்கு அடுத்த லோன் கிடைக்கும். சாயங்காலம் மெஷின்காரர் வருவார், ஒன்பதாயிரமும் கிடைக்கும். சோலாப்பூரில் அவர் என் போனை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுந்து நின்றேன். கால் மரத்துப்போயிருந்தது.

"எங்க பத்துப் பேரு மெஷினுங்க மேடம்."

"என்னம்மா?"

"ஒத்தையா வாங்க வசதியில்ல. கூட்டா வாங்கினோம். முறை வச்சுத் தைக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் தூக்கிட்டுப் போவோம், அதான் ஒவ்வொருத்தரும் பொட்டு வச்சாக."

"நாலு லட்சம் கடனுக்கு ஒரு மெஷினா?"

"மெஷினு மட்டுமா மேடம்?" பவுனக்கா விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டாள். "நூலு, லைனிங்கு, கொக்கி, இஸ்திரிப் பெட்டி..." கொக்கி ஒரு அட்டை எவ்வளவு என்று மேடம் கேட்டிருந்தால் தீர்ந்தது கதை.

மேடம் எங்களைப் பார்த்தார். கவியரசன் சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வாரம்கூடத் தவறாத சென்டர் மேடம்" என்றார். ஒரு வாரமும் தவறவில்லை, வாஸ்தவம்தான். எனக்காக மூன்று வாரம் முந்தானை முடிச்சு அவிழ்ந்திருக்கிறது, அது டேபில் தெரியாது.

மேடம் அப்போதுதான் மோரைக் குடித்தார். முழுசாகக் குடித்துவிட்டு, "எனக்கு ஆபீஸ்ல காட்ட ஒரு பேப்பர் வேணும். கூட்டா வாங்கினதுன்னு எழுதிப் பத்துப் பேரும் கையெழுத்துப் போடுங்க. கடன் முடியிற வரைக்கும் யாரும் தனியா விக்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, வீட்ல இருக்கவங்க யார் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு எழுதணும்" என்றார்.

"அதைக் கொஞ்சம் பெரிசா எழுதச் சொல்லுங்க மேடம்" என்றேன்.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

முதல் கையெழுத்து நான் போட்டேன். பவுனக்கா கடைசியில் கைநாட்டு. எல்லாரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி இப்படிப் பண்ணின? உன் வளையலுடி அது" என்று அழுதாள். உங்களுக்குக் கொடுக்க வேண்டிய மூன்று தவணைக்கு இது சரியாகப் போயிற்று என்று சொன்னேன். அதற்காகத்தான் செய்தேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

கவியரசன் சார் வந்து மெஷின் தலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். சென்டர் பெயர், நம்பர், 'கூட்டு உடைமை' என்று போட்டிருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. நல்ல பசை.

மெஷின்காரருக்கு ஐநூறைத் திருப்பிக் கொடுத்தேன். மெஷினை நாலு பேர் மேலே ஏற்றி என் வீட்டில் வைத்தார்கள். வளைவில் இடிக்கவே இல்லை. இப்போது அவரவர் பொருள் அல்லவா?

ஆகஸ்ட் 14, வியாழன்

கூப்பிட்டார்.

"என்ன சுதா, தணிக்கை முடிஞ்சிருச்சுல்ல? பணம் எப்ப வரும்?"

"விக்க முடியாதுங்க. அது பத்துப் பேரு மெஷினு. எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? உன் மெஷினை எதுக்குடி ஊருக்கு எழுதிக் குடுத்த?"

"என் பேர்ல இருந்தா நான் வித்துருவேன்ல?"

அந்தப் பக்கம் பின்னால் பாத்திரம் விழுந்தது, யாரோ ஒருத்தி அவருக்குப் புரிகிற, எனக்குப் புரியாத பாஷையில் என்னவோ கேட்டாள். சின்னக் குரல். முப்பத்திரண்டு அளவுக்குச் சரியான குரல்.

"சரி, அந்த ரவிக்கைங்களாச்சும் முடிச்சிட்டியா?" என்றார். என்ன துணிச்சல்.

"முடிக்கலங்க. சீட்டு அளவு பத்தாது. அவளையே நேர்ல வந்து அளவு குடுக்கச் சொல்லுங்க. ஆறு மாசம் ஆனா இதுவும் பிடிக்கும். பிள்ளை பிறந்த பிறகு முன்பக்கம் கொக்கி வச்சுத் தைக்கணும், இல்லாட்டி பால் குடுக்கச் சிரமம். அதையும் சொல்லிருங்க."

போன் வைக்கப்பட்டது. கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன்.

பெயரை எழுதிப் பார்த்தேன். செல்லப்பாண்டி. ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. காலையிலேயே ஒவ்வொருத்தியாகக் குங்குமச் சிமிழோடு ஏறி வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. "நம்ம மெஷினுக்கு வெள்ளிக்கிழமை பொட்டு வைக்க வேணாமா?" என்று அமுதவள்ளி கேட்டாள். எண்ணெய் ஓட்டையில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். நூர்ஜஹான் துப்பட்டாவால் துடைத்தாள், அது உருப்படியான உதவி.

சோலாப்பூர் ரவிக்கைகளைத் தவமணி அண்ணன் வீட்டுக்குப் பையோடு அனுப்பிவிட்டேன். பிரித்தது பிரித்தபடி.

எல்லாரும் போன பிறகு தர்ஷினி மாடியில் விளையாடப் போனாள். ஆவணி முகூர்த்தத்துக்குப் பதினோரு ரவிக்கை இருக்கிறது. மெஷினில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. வெளியே கேட்கக் கூடாது என்று மிதித்தேன், மிதித்தேன், துணிகூட வைக்காமல் வெறும் மெஷினை அப்படி ஓட்டினேன். பலகை ஆடியது, ஸ்டாண்டு ஆடியது, பாபின் பெட்டி கீழே விழுந்து சிதறியது. தாலிக்கயிறு நனைந்து கழுத்தோடு ஒட்டியது.

கீழிருந்து பவுனக்கா கத்தினாள்.

"ஏண்டி சுதா, அது எங்க மெஷினும்தான்டி. பையத் தைய்யி!"

காலை எடுத்துவிட்டேன். மூக்கைத் துடைத்தேன். முதல் ரவிக்கையை எடுத்து, பையத் தைக்க ஆரம்பித்தேன்.